வெங்காயத் தோலும் அப்பத்தாவும்

மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் நான் பாடம் படித்த கதை இது.

நான் பி.காம். பத்தாவதோடு அறிவியலுக்குக் கும்பிடு போட்டவன். பேங்க் வேலையில் மாற்றலாகி வடோதரா வந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். திங்கட்கிழமை டெஸ்ட், செல் பாடம். நமக்குத் தெரிந்தது பேங்க்தானே, அதை வைத்தே ஆரம்பித்தேன்.

"பாரு பாப்பா, செல் ஒரு பிராஞ்ச் மாதிரி. நியூக்ளியஸ் மேனேஜர் கேபின். செல் சவ்வு வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி, யாரை உள்ள விடணும்னு பார்க்கும். ரைபோசோம் கவுன்ட்டர் ஸ்டாஃப், அங்கதான் புரதம் தயாராகும். கோல்கி டெஸ்பாட்ச் செக்‌ஷன், புரதத்தைப் பொட்டலம் கட்டி அட்ரஸ் போட்டு அனுப்பும். லைசோசோம் பழைய பேப்பரை அழிக்கிற ஆள். மைட்டோகாண்ட்ரியா ஜெனரேட்டர்."

"சவ்வுன்னா என்னப்பா?"

"மெம்பிரேன்மா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஆனால் மனசில் ஒரு முள். ரைபோசோமைப் பற்றிச் சொல்லும்போது, அதன் அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக 2009-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்து இதே வடோதராவில் வளர்ந்தவர் என்றேன். பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கும் தைரியம் வந்துவிட்டது. "செடிக்கு மட்டும் ஜெனரேட்டருக்குப் பதிலா சோலார் பேனல். அதான் குளோரோபிளாஸ்ட்" என்றேன்.

"தப்புப்பா. செடிக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. குளோரோபிளாஸ்ட் சமையல்தான் பண்ணும். சமைச்சா போதுமா, சாப்பிட வேண்டாமா? லேப்ல பார்த்த வெங்காயத் தோல்ல குளோரோபிளாஸ்ட்டே இல்ல. வெளிச்சம் படாத இடத்துல அது எதுக்கு?"

மேனேஜர் கப்சிப் :-)

ஐயோடின் விட்டுப் பார்த்தால் வெங்காயச் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் இருந்ததாம். கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் கோணல்மாணலாம். நம் செல்லைச் சுற்றிச் சவ்வு மட்டும்தான், செடிக்கு அதற்கு வெளியே செல்லுலோஸ் சுவரும் உண்டு என்று எனக்கே விளக்கினாள்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக டி.என்.ஏ. உண்டு, அது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் என்று எங்கோ படித்திருக்கிறாள்.

"அப்போ எனக்கு வந்தது அம்மாவோடது. உங்களுக்கு?"

"அப்பத்தாவோடது."

"அப்பத்தாவோடது எனக்கு வராதா?"

"வராது. நான் ஒரே பிள்ளை. என்னோட முடிஞ்சிரும்."

அவள் முகம் சுருங்கியது. சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. ஆணுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் குரோமோசோம் அவன் அம்மா கொடுத்தது. அதைத்தான் அவன் மகளுக்குக் கொடுக்கிறான். "உன் செல்லுக்குள்ள நியூக்ளியஸ்ல ரெண்டு எக்ஸ் இருக்கு. அதுல ஒண்ணு அப்பத்தா எனக்குக் கொடுத்தது" என்றேன். சிரித்தாள்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்த முள் இன்னும் குத்தியது. தமிழ் நியூக்ளியஸிலும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவிலும் இல்லை. அது தானாக வராது, நாம் பேசினால்தான் வரும். வீட்டில் பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ் என்று விட்டது யார்? நான்தான். அப்பத்தாவிடம் போனில் "சாப்டியாத்தா?", "சாப்டேன்", முடிந்தது பேச்சு.

அன்றைக்கே காரைக்குடிக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். திக்கித் திணறி வெங்காயத் தோல் கதையைச் சொன்னாள். "சவ்வுன்னா தெரியுமா அப்பத்தா?"

"தெரியாம என்ன? முட்டை ஓட்டுக்கு உள்ள வெள்ளையா லேசா ஒட்டியிருக்குமே, அதுதான்த்தா."

எனக்குத் தோன்றவில்லையே! தொடர்ந்து அப்பத்தா கேட்டார்: "மாங்காயில உப்புப் போட்டு வச்சா தண்ணி விட்டுச் சுருங்குதே, அதுவும் இதுதானா?"

மகள் குதித்தாள். செடியின் செல்லுக்குள் வாக்குவோல் என்று ஒரு பெரிய தண்ணீர்ப் பை இருக்கிறது, வெளியே உப்பு அதிகமானால் தண்ணீர் சவ்வு வழியாக அந்தப் பக்கம் போய்விடும், சுவர் அப்படியே நிற்க உள்ளே சவ்வு சுருங்கும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "சுவர்" என்பது வாயில் வராமல் "வால்" என்றாள். அப்பத்தா "செவரு" என்று திருத்தினார். இருபது நிமிஷம் பேசினார்கள்.

டெஸ்ட் மார்க் இன்னும் வரவில்லை. ஆனால் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போன் அவள் கையில்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊரில் இருக்கும் பாட்டியோடு எத்தனை நிமிஷம் பேசுகிறார்கள்? சொல்லுங்களேன்.