மூங்கில் வெக்கறது சுலபம்ங்க, வெட்டறதுதான் பண்ணையம்

டவுன்ல இருந்து எங்க தோட்டத்துக்கு வர்றவங்க, பள்ளத்தோரம் நிக்கற மூங்கிலைப் பார்த்ததும் ரெண்டு கேள்வி கேப்பாங்க. ஒண்ணு, "பாம்பு இருக்குமாங்க?" இன்னொண்ணு, "ஏக்கருக்கு எவ்வளவுங்க கெடைக்கும்?" பாம்பு எல்லாக் காட்டுலயும் இருக்கும்ங்க. ரெண்டாவது கேள்விக்குத்தான் நீளமாப் பதில் சொல்லோணும். புதுசா நிலம் வாங்கற பல பேரு, மொத்தக் காட்டுலயும் மூங்கில் போட்டுட்டா வேலையே இல்லாம வருசா வருசம் பணம் வரும்னு கணக்குப் போடறாங்க.

எங்களது முள்மூங்கில். நொய்யலுக்குப் போற பள்ளம் மழைக்கு மழை கரையை அரிச்சுத் தின்னுட்டு இருந்துதுன்னு எங்க அப்பாரு மூணு குத்து வெச்சாரு. மூங்கில் வேர் ரொம்ப ஆழமாப் போறதில்லை. மேல்மண்ணுல வலை மாதிரி பின்னிப் புடிச்சுக்கும். கரை இன்னிக்கும் அதே இடத்துலதான் நிக்குது.

சீனா, ஜப்பான் பக்கத்து மூங்கில்ல நெறைய வகை மண்ணுக்குள்ள கிழங்கு ஓடி, பக்கத்து வீட்டுல போய் முளைக்கும். வெளிநாட்டுக்காரங்க மூங்கிலைக் கண்டு பயப்படறது அதனாலதான். நம்ம முள்மூங்கிலும் கல்மூங்கிலும் அப்படி ஓடாது. கிழங்கு குட்டை, புதுக் குருத்து தாய்க்குப் பக்கத்துலயே வரும். ஆனாலும் குத்து வருசா வருசம் அகலமாகும். குத்துக்குக் குத்து 20 அடியாவது விடுங்க.

மழை புடிச்சா குருத்து வரும். மண்ணை விட்டு வெளிய வரும்போது என்ன பருமனோ, கடைசி வரைக்கும் அதே பருமன்தான். ரெண்டு மூணு மாசத்துல முழு உசரமும் வந்துரும். ஆனா உசரம் வந்துட்டா முத்திடுச்சுன்னு அர்த்தமில்லை. ஏணிக்கும் சாரத்துக்கும் மூணு வருசம் தாண்டினது வேணும். கூடை பின்ன ஒரு வயசு, ரெண்டு வயசுப் பச்சைதான் வளையும்.

எந்த மூங்கில் எத்தனை வயசுன்னு கண்டுபுடிக்கறதுதான் வித்தை. புதுசுல மாவு பூசின மாதிரி வெள்ளை இருக்கும், கணுவுல உறை ஒட்டியிருக்கும். பழசுல பாசி படிஞ்சு திட்டுத் திட்டா இருக்கும். முத்தினது குத்துக்கு நடுவுல, இளசு வெளிய. கைக்கு எட்டினதை வெட்டினா வருங்காலம் போயிரும், கிழடு உள்ளயே செத்து அடைச்சுக்கும். அதனால ஒரு பக்கம் வழி தொறந்து, குதிரை லாடம் மாதிரி உள்ள போய் வெட்டோணும். தரையில இருந்து ஒரு அடிக்குள்ள, கணுவுக்குச் சித்தே மேல வெட்டோணும். கணுவுக்கு ரொம்ப மேல வெட்டினா குழாய்ல தண்ணி நின்னு அழுகும். மழைக்காலத்துல வெட்டினா இளங்குருத்து ஒடியும். எங்க ஊர்ல தை, மாசியிலதான் வெட்டறது. வெட்டினதை ரெண்டு மூணு வாரம் தண்ணியில ஊறப் போட்டா மாவுச்சத்து கரைஞ்சு உளுக்கறது கொறையும்.

எனக்கு இதெல்லாம் கத்துக் குடுத்தவரு கூடை பின்ற பெரியவரு ஒருத்தரு. வருசா வருசம் வருவாரு. கொடுவாள் முதுகுல தட்டிப் பார்த்துட்டு வயசு சொல்லுவாரு. அப்பல்லாம் கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குத் தக்காளி கூடையில போச்சு. இப்ப பிளாஸ்டிக் டிப்பர். கட்டடச் சாரமும் இரும்புப் பைப்பா மாறிடுச்சு. அவரு பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. பெரியவரு வர்றது நின்னதும், முள்ளுக்குள்ள நுழைய ஆள் கெடைக்காம மூணாவது குத்து அடைச்சுப் போச்சு. ரெண்டு மழைக்கு அதுல குருத்தே வரலை. குத்து போனா கரையும் போகும்.

இந்த மாசியில அவரைக் கூட்டிட்டு வந்து கட்டில் போட்டு உக்கார வெச்சேன். "நான் உள்ள போக முடியாதுங் தம்பி, காட்டறேன், நீங்க வெட்டுங்க"ன்னாரு. பக்கத்துத் தோட்டத்துல வேலை செய்யற ரெண்டு ஒடிசாத் தம்பிங்க வந்தாங்க. அவங்க ஊர் வீட்டுலயும் மூங்கில் இருக்குதாமா. பாஷை புரியாட்டியும் பெரியவரு கை காட்டினது அவங்களுக்கு என்னைவிட வெரசாப் புரிஞ்சுது. மூணு நாள் வேலை. அவருக்கும் முழுக்கூலி குடுத்தேன். இனிக் குருத்து வருமான்னு மழையிலதான் தெரியும்.

சட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. வெளிய வைரம் இருந்தா புல்லு, உள்ள வைரம் இருந்தா மரம்னு தொல்காப்பியம் பிரிச்சு வெச்சிருக்குது. அந்தக் கணக்குல மூங்கில் புல்லு. ஆனா 1927 வனச் சட்டம் மூங்கிலை மரத்தோட சேர்த்துருச்சு. காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கிலை அதுல இருந்து எடுக்க 2017 ஆயிருச்சு. வெட்டி வண்டியில ஏத்தறதுக்கு இருந்த பயம் அதுக்கப்புறம்தான் கொறைஞ்சுது.

இன்னொரு விசயம், முள்மூங்கில் வாழ்நாள்ல ஒருக்காத்தான் பூக்கும், பெரும்பாலும் 40, 50 வருசத்துல. அரிசி குடுத்துட்டுச் செத்துப் போகும். கிழங்கு வெட்டி நட்டா தாயோட வயசுதான் அதுக்கும். ஒரே தாயில வந்த கன்றா மொத்தக் காட்டுலயும் வெச்சா, ஒண்ணாப் பூத்து ஒண்ணாப் போகவும் வாய்ப்பு இருக்குது. எங்க குத்துங்களும் கிழங்குல வந்ததுதான். தாய்க்கு என்ன வயசுன்னு சொல்ல அப்பாரு இல்லை.

அதனால என்னோட பதில் இதுதானுங்க. கரையோரமா, தண்ணி போற வழியில ரெண்டு மூணு குத்து தாராளமா வைங்க. தொரட்டி, ஏணி, பந்தல், படல் எல்லாத்துக்கும் ஆகும். ஆனைகட்டி, தொண்டாமுத்தூர் மாதிரி மலையடிவாரமா இருந்தா மூங்கிலைத் தேடி யானை வரும், யோசிச்சுக்குங்க. முள் வேண்டாம்னா முள்ளில்லாத ரகங்களைப் பத்தி மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில கேளுங்க. ஏக்கர் கணக்குல போடறதா இருந்தா, வாங்கறவரு யாருன்னு எழுத்துல தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, உங்க ஊர்ல மூங்கில் வெட்டத் தெரிஞ்ச பெரியவரு யாராச்சும் இருக்காங்களான்னு விசாரிங்க. இருந்தா இந்த வருசமே போய்ப் பார்த்துருங்க.