பூனைவணங்கி

எங்கள் ஊருக்குப் பழவேற்காடு என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது 'புலிகாட்' ஆயிற்று. முன்பாதியைத் தமிழாகவும் பின்பாதியை ஆங்கிலமாகவும் எழுத்துக்கூட்டிப் படித்தால், புலியும் பூனையும் சேர்ந்த பெயர் என்று தெரியும். புலியை நான் இங்கே பார்த்ததில்லை. பூனைகள் என் வீட்டிலேயே மூன்று இருக்கின்றன.

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஏரி. ஏரி என்று சொல்கிறோமே தவிர, ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து கிடக்கும் உப்பங்கழி இது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. மார்கழி, தை மாதங்களில் பூநாரை பார்க்கப் பட்டணத்துக்காரர்கள் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். வேறு சிலர், 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்ட்ரியா கோட்டை எங்கே என்று கேட்பார்கள். முள் மண்டிய மேட்டைக் காட்டினால் முகம் வாடிப் போய், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். என் பூந்தோட்டத்தைப் பார்க்க இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பார்க்கும்படியாக அதில் அதிகம் இல்லை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஏரியைப் பற்றி ஒரு நாவல் எழுதுவதற்காக மூன்று மாத வாடகைக்கு வந்தவன் நான். நாவல் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை, வீட்டையே வாங்கிவிட்டேன். என் மனைவிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. "கதை எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து பூனை மேய்க்கிறீர்களே!" என்று அவள் மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள்.

மேய்ப்பது நான் அல்ல என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? காலை ஆறு மணிக்குச் செம்பை எடுத்துக்கொண்டு புழக்கடைக் கதவைத் திறந்தால், மூன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும். நாயானால் நம் காலைச் சுற்றிக்கொண்டு, "உன்னோடுதான் வருகிறேன்" என்று ஊருக்கெல்லாம் சொல்லும். பூனை அப்படி அல்ல. தனக்கு அந்தப் பக்கமாக வேறு ஏதோ அலுவல் இருப்பதுபோலவும், நாம் வருவது தற்செயல் என்பது போலவும் நடக்கும். நாம் நின்றால் தானும் நின்று முதுகை நக்கிக்கொள்ளும். நாம் நகர்ந்தால், நக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவரும்.

முன்னால் போகிறவள் மீனாட்சி. கறுப்பும் வெள்ளையும் செம்பட்டையுமாக மூன்று நிறம். இப்படி மூன்று நிறம் கொண்ட பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். செம்பட்டைக்கும் கறுப்புக்கும் உரிய மரபணு பெண்ணுக்கு இரட்டையாக உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணமாம். அடுத்தவன் துரை, உடம்பெல்லாம் வெளுப்பு. அரிசி மூட்டையையும் துணி மூட்டையையும் எலியிடமிருந்து காப்பாற்ற அந்தக் காலத்துக் கப்பல்களில் பூனை வளர்த்தார்கள் அல்லவா? இவன் பாட்டன் பூட்டன் ஹாலந்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் கட்சி. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கடைசியில் வருவது குட்டி. அதற்கு வயது ஆன பிறகும் பெயர் மாறவில்லை.

தோட்டம் ஆறு சென்ட் மணல். கிணற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் இனிக்கும், சித்திரையில் கரிக்கும். வந்த புதிதில் ரோஜா வைத்தேன். இரண்டு மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, குச்சியாக நின்றது. கனகாம்பரமும் அப்படியே. பிறகுதான் மண்ணோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அது எதை ஏற்றுக்கொள்ளும் என்று கேட்கத் தொடங்கினேன். நித்தியகல்யாணி ஏற்றுக்கொண்டது. இங்கே அதற்குச் சுடுகாட்டுப் பூ என்று பெயர். வீட்டில் வைப்பதைக் கண்டு அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். 1950-களின் கடைசியில் கனடாவில் இதன் இலையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுத்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சாரு, ஆஸ்பத்திரியில வெக்கட்டும்" என்றார்கள். வேலியோரம் அரளி. துணி துவைக்கும் கல்லண்டை செம்பருத்தி. நந்தியாவட்டை ஒன்று. அந்திமந்தாரை தானாக முளைத்துத் தானாகச் சாகிறது. முல்லைக்கு மட்டும் பொன்னேரிப் பக்கமிருந்து மண் கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். நண்பர் ஒருவர் லில்லிக் கிழங்கு கொடுத்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். லில்லியின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதைப் பூனை நக்கினால் சிறுநீரகமே போய்விடும். பூனை வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முல்லையண்டை கொஞ்சம் நிற்பேன். கபிலர் புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும்போது, முல்லை மொட்டைக் காட்டுப்பூனைக் குட்டியின் கூர்மையான பல்லுக்கு ஒப்பிட்டிருக்கிறார். பூவைப் பார்த்து யாருக்காவது பூனைப்பல் ஞாபகம் வருமா? அவருக்கு வந்திருக்கிறது. கல்லூரியில் இண்டர்மீடியட் அளவோடு நின்றுவிட்ட எனக்குப் புலவர்களைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் உண்டு. குட்டி சின்னதாக இருந்தபோது வாயைத் திறந்து பார்க்கப் போய், புறங்கையில் மூன்று கோடு வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் தொட்டி ஓரம் உதிர்ந்துகிடந்த மொட்டு ஒன்றைப் பொறுக்கினேன், விரலில் குத்தியது. அது விழுந்த பால்பல். கபிலர் தோட்டத்தில் நடந்தவர்தான், சந்தேகமில்லை.

இவ்வளவு சுகமாகச் சொல்கிறேனே, இந்த நடைக்கு யார் செலவு செய்கிறார்கள் என்று நான் பல வருஷம் யோசித்ததே இல்லை. பூவுக்குத் தண்ணீர் என் கிணற்றில். பூனைக்கு மீன்?

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார். புருஷன் இல்லை. கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்கிறவர். சாயங்காலம் மீன் ஆயும்போது தலையும் குடலும் வேலியோரம் விழும். எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற முறை. என் பூனைகளுக்கும் அந்த வேலியோரத்தில் ஒரு பாடு இருந்தது. முதல் தலை மீனாட்சிக்கு, அவள் எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகுதான் துரை, மிச்சம் குட்டிக்கு. அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பார். நான் அதைப் பார்த்து ஒரு கதைகூட எழுதினேன்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டது. வெளியே இருக்கிறவர்களுக்கு இது ஒரு செய்தி. இங்கே அது அடுப்பு. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் ஏரியில் இறால் இல்லை, மீன் இல்லை. ஏரியில் கட்டிய படகு கடலுக்கும் போக முடியாது. அக்காவின் கூடை வாரத்தில் நான்கு நாள் கவிழ்ந்தே கிடந்தது. மகள் வேறு பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு கொடுப்பார்கள். அன்று காலை அக்கா பாலத்தைத் தாண்டிக் கடற்கரைக் குப்பத்துக்கு நடந்து போய், யார் யாரையோ கெஞ்சி, இரண்டு சின்னப் பால்சுறா வாங்கிவந்திருந்தார். அலுமினியத் தட்டில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டத் திரும்பியிருக்கிறார். மீனாட்சி ஒன்றை இழுத்துவந்துவிட்டாள். இன்னொன்றை மண்ணில் புரட்டியிருந்தாள்.

நான் அப்போது செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலே தட்டு தெரிந்தது, பிறகு முகம். அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் பூனைக்கு நீ பூ காட்டுற சாரு. மீனு மட்டும் நாங்க காட்டணுமா?" என்றார்.

நான் சட்டைப் பையில் கையை விட்டேன்.

"காச வேவிச்சுப் புட்டு செய்ய முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கரைக்கு ஓடினேன். இல்லை. பாலம் தாண்டிப் போனேன்; வியாபாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் ஏறிப் பொன்னேரிச் சந்தைக்குப் போனேன். பால்சுறா இல்லை, காரப்பொடி இருந்தது. அதுவும் பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று கடைக்காரி சொன்னாள். இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மீன் தலை வேலியோரம் விழவில்லை. குழி தோண்டிப் புதைத்தார்.

பூனைகளுக்கு இது எப்படித் தெரியும்? தினமும் சாயங்காலம் மூன்றும் முறை தவறாமல் போய் உட்கார்ந்தன. மனசு கேட்காமல் என் மனைவி பாயசம் வைத்துப் பார்த்தாள். பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் அதை உணரும் மரபணு பழுதுபட்டிருக்கிறது என்று 2005-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கம்பர், பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். கடல் முழுவதும் சர்க்கரை கொட்டியிருந்தாலும் அது பாலுக்காகத்தான் நக்கியிருக்கும்.

காலை நடை நிற்கவில்லை. ஆனால் வேலிப் பக்கம் வந்ததும் நான் குனிந்து களை பிடுங்குவேன். முகத்தை மறைத்துக்கொள்ள அது ஒரு வழி.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் அக்கா வேலியண்டை வந்து நின்றார். மகளின் மூத்த பையனுக்கு உடம்பெல்லாம் சொறி. குப்பைமேனி இருந்தால் உப்பு வைத்து அரைத்துத் தடவலாம் என்றார்.

"குப்பைமேனியா? அதைத்தானே அக்கா வாராவாரம் பிடுங்கிப் போட்டுவிடுகிறேன்!" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"தெரியுமே. புடுங்கி எங்க போடுற?"

யோசித்தேன். வேலிக்கு மேலாகத்தான் வீசுவேன். அந்தப் பக்கம் குப்பைமேடு. அதை அடுத்து அவருடைய அடுப்பு.

"அதுக்கு இன்னொரு பேரு இன்னா தெரியுமா சாரு? பூனைவணங்கி. வேர வெளியில எடுத்தா பூனை எங்க இருந்தாலும் வந்துரும். அன்னிக்கும் ஒரு கட்டு வீசியிருந்தே. உன் பூனை மீனுக்கு வரல, வேருக்கு வந்துச்சு. வந்த எடத்துல மீனு இருந்துச்சு."

நான் வாயடைத்து நின்றேன். அரளித் தூரில் என் கண்ணுக்குத் தப்பிய செடி ஒன்று இருந்தது. அதைச் சற்று இழுத்தேன், வேரோடு வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் மீனாட்சி வேரின்மேல் கன்னத்தைத் தேய்த்தாள். துரை மல்லாந்து புரண்டான். குட்டி எச்சில் ஒழுக அதைக் கடித்தது. மூன்றும் கோயில் வாசலில் அங்கப்பிரதட்சிணம் செய்வதுபோல மணலில் உருண்டன. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு மாதத்தில் அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கிறிஸ்துமஸ் தீவில் காட்டுத்தனமாகப் பெருகிவிட்ட பூனைகளை ஈர்த்துப் பிடிக்க வழி தேடிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், இந்த வேரிலிருந்து பூனையை மயக்கும் பொருள்களைப் பிரித்து 2016-இல் வெளியிட்டார்கள். எங்கள் அக்கா அதற்கு முன்பே அறிந்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அன்று ஒரு செடி இலை போதவில்லை. அந்தப் பையனுக்காகத் தெருத் தெருவாகத் தேடிப் பறித்துக்கொண்டுவந்தேன். அதற்கப்புறம் முல்லைத் தொட்டிக்கும் செம்பருத்திக்கும் நடுவில், தோட்டத்தின் நல்ல இடத்திலேயே, ஒரு பாத்தி குப்பைமேனிக்கு விட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள், "களை மண்டிக் கிடக்கிறதே" என்கிறார்கள். தெருவில் யாருக்குச் சொறி, சிரங்கு வந்தாலும் அங்கேதான் வருகிறார்கள். இலையை மட்டும் கிள்ளவேண்டும், வேரைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. மீன் தலையும் மறுபடி விழத் தொடங்கியது. எப்போது என்று நாள் குறித்து வைக்கவில்லை.

மீனாட்சிக்கு இப்போது வயதாகிவிட்டது. கிணற்றடிவரை வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நானும் அங்கேயே நின்றுவிடுகிறேன். நேற்றுக் காலையில் அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சாரு, ஊர்கோலம் இன்னிக்குப் பாதியிலேயே நின்னுடுச்சு?"

"கால் வலிக்கிறதாம் அக்கா."

"யாருக்கு?"

"இரண்டு பேருக்கும்தான்."

"இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு மடவைத் தலையைக் கொண்டுவந்து, வேலியோரம் போடாமல், கிணற்றடி வரைக்கும் வீசினார்.