நான்கு சாலைச் சந்திப்பில் ஒரு கோடை

அவிநாசிபாளையம் என்றதும் அவிநாசியை எண்ணிக்கொண்டு வடக்கே பேருந்து ஏறிவிடாதீர்கள். திருப்பூரிலிருந்து தெற்கே தாராபுரம் சாலையில் செல்ல வேண்டும். பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் நெடுஞ்சாலை குறுக்கிடும் இடத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. வழியில் தென்னந்தோப்புகளையும் விசைத்தறிக் கூடங்களையும் கோழிப் பண்ணைகளையும் காண்பீர்கள்.

ஸுபுஹுத் தொழுகை முடித்து இச்சந்திப்பில் சற்று நேரம் நின்று பாருங்கள். பனியன் கம்பெனி வண்டிகள் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் நோக்கி விரையும். நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு இவ்வண்டிகளை நம்பித்தான் எரிகிறது. ஆதலால் அவற்றைப் பழிப்பதற்கில்லை. எனினும் மே மாதம் வந்துவிட்டால், “பையன் சும்மாதானே இருக்கிறான்” என்னும் பேச்சு வீடுகளில் எழுகிறது. தையற்காரர் அருகே நின்று துணி எடுத்துக் கொடுக்கும் ‘கைமடி’ வேலையும் பிசிறு வெட்டும் வேலையும் ஒரு காலத்தில் இப்பேச்சிலிருந்தே சிறுவர்களின் கைக்கு வந்தன. விடுமுறைக்குப் போனவர்களுள் சிலர் ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பவில்லை.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்பது இன்றைய விதி. ஆயினும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையிலும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என ஒரு விலக்கும் அதில் உண்டு. வீட்டுத் திண்ணையிலேயே பிசிறு வெட்டும் மூட்டைகள் வந்திறங்கும் இவ்வட்டாரத்தில் அவ்விலக்கு எவ்வளவு அகன்ற வாசல் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோடையில் எந்நூலைப் படிக்கலாம் என்று தீனியாத் வகுப்புக்கு வரும் பெற்றோர் என்னைக் கேட்பதுண்டு. பிள்ளையின் நண்பகலை எவருக்கும் விற்றுவிடாதீர்கள் என்பதே என் முதல் விடை. நூலின் பெயர் அதற்குப் பிறகுதான்.

“அப்துல் கலாம் பேப்பர் போட்டுத்தானே முன்னேறினார்?” என்று சிலர் மடக்குவார்கள். அவர்களிடம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலையே கொடுத்துவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்காது. ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகள் வீசப்படும். உறவினர் சம்சுதீனுக்காக அவற்றைப் பிடித்துக் கொடுத்துத் தம் முதற்கூலியைப் பெற்றார் சிறுவர் கலாம். இது மெய்யே. ஆனால் அதே நூலில் மாணிக்கம் என்னும் தேசியவாதி ஒருவரும் வருகிறார். அவர் தம் வீட்டில் பெரியதொரு நூல்நிலையம் வைத்திருந்தார். அங்கே சென்று நூல்களை இரவல் வாங்கிப் படித்ததைக் கலாம் நன்றியோடு நினைவுகூர்கிறார். பத்திரிகைக் கட்டை மேற்கோள் காட்டும் நம்மவர்கள் இந்த வீட்டை மட்டும் மறந்துவிடுகிறார்களே! எட்டாம் வகுப்பு மாணவருக்கு இதனினும் பொருத்தமான நூலை நான் அறியேன்.

கேள்வி கேட்டுத் துளைக்கும் பிள்ளையாயின், நம் கொங்கு மண்ணில் பிறந்த பெ. தூரன் தலைமையில் உருவான குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைக் காட்டுங்கள். பத்துத் தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. விஞ்ஞானச் செய்திகள் சில பழமைப்பட்டுவிட்டன. ஆயினும் தமிழ்நடையின் தெளிவு மங்கவில்லை. அறிவியலின் இன்றைய செய்திக்குத் ‘துளிர்’ மாத இதழ் இருக்கிறது. எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்கு இவை பாரம். அரசின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிகளில் வெளியிட்ட சிறு நூல்களே அவர்களுக்கு ஏற்றவை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’யிலிருந்து தொடங்கினால் அதில் வெட்கத்திற்கு இடமில்லை. முல்லா நஸ்ருத்தீன் கதைகளும் நல்ல ஏணி. சிரித்த பிள்ளை அடுத்த பக்கத்தைத் தானே புரட்டும்.

நபிமார்கள் வரலாறும் ஸஹாபாக்கள் சரிதையும் வேண்டாமா என்பீர்கள். அவசியம் வேண்டும். ஆனால் அவற்றை மட்டுமே கொடுத்து, பரீட்சை போலக் கேள்வியும் கேட்டால், பிள்ளை இரண்டையும் வெறுத்துவிடும். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிந்தோர், ஆளுக்குப் பத்துச் சிறார்க்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த நிகழ்ச்சியை மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். கற்பித்தவர்கள் அந்நாளில் ஈமான் கொண்டவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நூல்களுக்கு எங்கே போவது? 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதனைத் தொடங்கி வைத்தார். பொது நூலகச் சட்டம் 1948இல்தான் வந்தது. அதுவரை அவர் காத்திருக்கவில்லை. ஆள் ஏற்ற இத்தனை வண்டிகள் வந்துபோகும் நம் சந்திப்புக்கு, ஜமாஅத்தார் மனம் வைத்தால், வாரம் ஒருமுறை ஓர் ஆட்டோவில் நூல்கள் வராதா?

அதுவரை லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட வேளை போதும். வெயில் வெளியே விடாது. அத்தா கம்பெனியில் இருப்பார். திண்ணையில் பிசிறு வெட்டும் அம்மாவின் கைகள் ஓயமாட்டா. காதுகள் ஓய்வாகவே இருக்கும். பிள்ளை பக்கத்தில் அமர்ந்து உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாத தாய்மார்கள், “அப்புறம் என்னடா ஆச்சு?” என்று கேட்டு அடுத்த அத்தியாயத்திற்குத் தள்ளிச் சென்றதை நான் இவ்வட்டாரத்துத் திண்ணைகளில் கண்டிருக்கிறேன்.