வட்டம் தின்ற சதுரம்

ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளை ஸ்டீவ் ஜாப்ஸின் கடிதம் கொன்றுவிட்டது என்று ஆபீஸில் யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். 2010-இல் அந்தக் கடிதம் வந்தபோது ஃப்ளாஷில் கேம் செய்துதான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிறகு ஜாவா படித்து வங்கி மென்பொருள் பக்கம் போய்விட்டேன். அது எப்படிச் செத்தது என்பதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

காரணம் ஒரு வட்டம். ஃப்ளாஷில் சிவப்புச் சதுரம் ஒன்று வரைந்து, அதே லேயரில் அதன்மேல் நீல வட்டம் போட்டு, வேறெங்காவது க்ளிக் செய்துவிட்டுத் திரும்பி வந்து வட்டத்தை நகர்த்தினால், சதுரத்தில் வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ இப்படி நடக்காது.

எங்கள் குழுவில் படம் வரைந்தவர் இருபது வருஷம் சைன்போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சாய்த்த பிறகு மவுஸைப் பிடித்தவர். எல்லோருக்கும் அண்ணன். நான் அந்த ஓட்டையை ‘பக்’ என்பேன்.

“பக் இல்ல தம்பி. ஈரப் பெயின்ட் மேல பிரஷ் வெச்சா அடியில இருக்கிற கலர் அப்படியேவா இருக்கும்? வரையத் தெரிஞ்ச ஆளு யாரோ செஞ்சிருக்கான்.”

எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான்.

போன வருஷம் பழைய ஹார்ட் டிஸ்க்கில், பலூனைத் துரத்தும் நாய் கேம் ஒன்று அகப்பட்டது. நாயை வரைந்தது அண்ணன், ஓடவிட்டது நான். 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் ப்ளேயரை அடோபி கைவிட்டுவிட்டதே. சும்மா ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் மூன்று எழுத்து: எஃப், டபிள்யூ, எஸ்.

ஃபியூச்சர்வேவ் சாஃப்ட்வேர்! ஃப்ளாஷை முதலில் உருவாக்கிய கம்பெனி. ஃபைலின் நெற்றியிலேயே குலப்பெயர் இருக்கிறது என்று குதித்தேன். இரண்டு நாள் அந்த மிதப்பிலேயே இருந்தேன். அடுத்த ஃபைலைத் திறந்தால் சி, டபிள்யூ, எஸ். கம்ப்ரஸ் செய்த ஃபைலில் எஃப் இருந்த இடத்துக்கு சி வந்துவிடும். குலப்பெயரின் தலையெழுத்தையா இப்படி மாற்றுவார்கள்? ஃபைலின் நீட்டிப்பான எஸ்டபிள்யூஎஃப்பைத் திருப்பிப் போட்டாலும் அதே மூன்றெழுத்துதானே வரும்?

ஆனாலும் மனசு விடவில்லை. அடுத்தடுத்த பைட்டுகளை ஒரு ராத்திரி முழுக்கத் தாளில் எழுதி அவிழ்த்தேன். என் மேடை 550-க்கு 400. ஒவ்வொரு பிக்ஸலையும் இருபதாக வகுந்து, 11,000, 8,000 என்று எழுதியிருந்தது. எண் ஒவ்வொன்றும் எத்தனை பிட் நீளம் என்பதை முன்னால் ஐந்தே பிட்டில் சொல்லி, மேடையின் நான்கு எண்களையும் சேர்த்து ஒன்பது பைட்டில் அடக்கியிருந்தார்கள். மோடம் காலத்துச் சிக்கனம்.

வடிவங்களுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு கோடும் தனக்கு ஒரு பக்கம் என்ன நிறம், மறுபக்கம் என்ன நிறம் என்று இரண்டையும் வைத்திருக்கிறது. சிவப்பும் நீலமும் தொடும் இடத்தில் ஒரே கோடு, ஒரே முறை. அடியில் ஒளிந்துகிடக்கும் சிவப்பு என்று எதுவும் இல்லை. வட்டம் சதுரத்தைத் தின்பதற்கு இதுதான் காரணம்.

அப்படி வைக்க யாருக்குத் தோன்றியது? கம்பெனிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் அதற்கும் வழி கிடைத்தது. 1993-இல் ஃபியூச்சர்வேவ் செய்ய இறங்கியது அனிமேஷன் மென்பொருளே அல்ல. பேனாவால் திரையில் எழுதும் கம்ப்யூட்டருக்கான ஸ்மார்ட்ஸ்கெட்ச் என்ற வரைபலகை. பென்பாயிண்ட் என்ற அந்தப் பேனாக் கம்ப்யூட்டர் அமைப்பு 1994-இல் மூடப்பட்டது. பேனா இல்லாமல் அநாதையான மென்பொருளை விண்டோஸுக்கும் மேக்குக்கும் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் ‘படத்தை அசைய வையுங்கள்’ என்றார்கள். பிரவுசரில் அசைக்க முதலில் ஜாவாவைத்தான் முயன்றார்கள், நகரவே மாட்டேனென்றது. நெட்ஸ்கேப் ப்ளக்-இன்னுக்குக் கதவைத் திறந்த பிறகு வேகம் பிடித்தது. 1996 கடைசியில் மேக்ரோமீடியா வாங்கி ஃப்ளாஷ் என்று பெயர் வைத்தது. பிழைப்புக்கு நான் எத்தனை தொழில் மாறினேனோ, அத்தனை அதுவும் மாறியிருக்கிறது.

அண்ணன் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஃப்ளாஷ் ஃபைல்களை இன்றைய பிரவுசரில் ஓட்டும் ரஃபிள் வழியாக நாய் ஓடியது. பேனா, ஸ்மார்ட்ஸ்கெட்ச், கோட்டின் இரண்டு பக்க நிறம், எல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“எழுதினவன் பேரென்ன?”

“ஜொனதன் கே.”

“வரையிறவனா?”

“இல்லண்ணே. அதுக்கு முன்னாடி மேக்குக்கு கேம் எழுதிட்டு இருந்தவரு. டார்க் கேஸில்னு 1986-ல வந்துச்சு.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

“அப்ப உன்ன மாதிரி ஆளு,” என்றார். “நாயை இன்னொருவாட்டி ஓட விடு.”