ஆக்லாந்தில் ஓர் உண்டியல்

பி.காம். படித்தவனுக்கு எந்தத் தேசம் போனாலும் இரண்டு வியாதிகள் விடாது. எந்த விலையைப் பார்த்தாலும் மனசுக்குள் ரூபாயாக மாற்றுவது ஒன்று. எதைப் பார்த்தாலும் 'இதற்கு வவுச்சர் எங்கே?' என்று கேட்பது இன்னொன்று. இந்த இரண்டோடும் 2023 ஜூலையில் நியூசிலாந்தில் போய் இறங்கினேன். மனைவிக்கு அங்கே நர்ஸ் உத்தியோகம். நான் கூடப் போன லக்கேஜ்!

ஏர்போர்ட்டிலேயே கூத்து ஆரம்பம். நம்ம ஊர் கஸ்டம்ஸ்காரர் தங்கத்தைத் தேடுவார். ஆக்லாந்தில் தேடுவது கறிவேப்பிலையை. தீவு தேசம் பாருங்கள், வெளியிலிருந்து ஒரு பூச்சியோ விதையோ நுழைந்தால் விவசாயமே காலியாகிவிடும் என்ற பயம். தின்பண்டத்தை மறைத்து மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே 400 டாலர் அபராதம் (வியாதிப்படி சுமார் 20,000 ரூபாய்). நாமே சொல்லிவிட்டால் அபராதம் இல்லை. மாமியார் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த கறிவேப்பிலையை என் மனைவி தானாகவே எடுத்து நீட்டினாள். ஆபீஸர் "தாங்க்யூ" சொல்லி வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். பருப்புப்பொடி பாஸ்!

வெளியே வந்தால் ஆடி மாசத்தில் பல் கிட்டிக்கிற குளிர். மரவீடுகள் வேறா, வாசலைவிட ஹாலில் அதிகம் நடுங்கியது. அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறார். "வடக்குப் பார்த்த ஹால், நல்லா வெயில் வரும்" என்று வீடு காட்டியவர் பெருமைப்பட்டார். நம்ம வாஸ்து ஜோசியர் யாராவது போனால் மயக்கம்தான். வாடகை வாரா வாரம்! பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஸ்கூல் பையன்கூட டிரைவருக்கு நன்றி சொல்கிறான். நான் சென்னையில் டிரைவர்களிடம் சொன்னதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

மூன்றாவது வாரம், மனைவியோடு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் எங்களைக் காரில் புகெகோஹே பக்கம் அழைத்துப் போனார். ஆக்லாந்துக்குத் தெற்கே, காய்கறி விளைகிற செம்மண் பூமி. ஒரு தோட்டத்து வாசலில் மேஜை. அதன்மேல் பை பையாக எலுமிச்சம்பழம். '2 டாலர்' என்று ஒரு அட்டை. பக்கத்தில் துளை போட்ட தகரப்பெட்டி. ஆள் இல்லை!

"கடைக்காரர் எங்கே?" என்றேன்.

"எதற்கு?" என்றார் அந்த அம்மா.

காசைப் போட்டார், பையை எடுத்தார், நடந்தார். 'ஹானஸ்டி பாக்ஸ்' என்று பெயராம். நாட்டுப்புறத்தில் நிறைய இடத்தில் உண்டாம். ரசீது கிடையாது. ஸ்டாக் ரிஜிஸ்டர் கிடையாது. ராத்திரி எண்ணிப் பார்த்தால் டேலி ஆகுமா? எனக்கு நெஞ்சு படபடத்தது. பெட்டியை மட்டும் சங்கிலி போட்டு மேஜைக்காலோடு பூட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

இவ்வளவு நம்புகிறவர்கள் வேலை விஷயத்தில் மட்டும் கறார். எட்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஃபோன் பண்ணின கம்பெனி எல்லாம் ஒரே கேள்வி: "நியூசிலாந்தில் அனுபவம் உண்டா?" வந்து மூணு வாரம் ஆனவனுக்கு என்ன அனுபவம் இருக்கும், குளிரில் நடுங்கினதைத் தவிர? எலுமிச்சம்பழத்துக்கு நம்புகிறார்கள், லெட்ஜருக்கு நம்பமாட்டேன் என்கிறார்கள்.

சேமிப்பு வாரத்துக்கு வாரம் இளைத்தது. நைட் டியூட்டி முடிந்து வருகிறவள், 'ஏதாவது பதில் வந்துதா?' என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அம்மாதான் கேட்டாள். ஊரில் காலை 11 மணி, எங்களுக்குச் சாயங்காலம் 5.30.

"வேலை கிடைச்சுதாப்பா?"

"இங்க ஆபீஸெல்லாம் மூடிட்டாங்கம்மா."

"அதுக்குள்ளயா? சரி, நாளைக்குப் போய்ப் பாரு. சட்டைய இஸ்திரி போட்டுக்கோ."

டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி, ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடியே சிரித்தாள். இஸ்திரிப்பெட்டி இன்னும் வாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.