ஒன்பதுக்கு இருபது

ஜாக்கிக்கு 30. ஒன்பதுக்கு 20. ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76. நான்கு வகைக்கும் சேர்த்தால் 304. முந்நூற்று நாலு என்கிற ஆட்டத்தின் பெயரே அதன் கணக்குதான்.

நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டுக் கூடத்தில் இதைக் கற்றுக்கொண்டபோது எனக்குப் பத்து வயது. முதல் நாளே ஏஸை இறக்கினேன். அத்தை அதன்மேல் ஓர் ஒன்பதை வைத்துப் பிடியை வாரிக்கொண்டார்.

“ஏஸ்தானே அத்தை பெரிசு?”

“இதுல ஒம்போதுதான் பெரிசு. இருபது அதுக்கு.”

“ஏன் அத்தை?”

“எங்கப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு. சீட்டைப் போடு.”

சேவகனான ஜாக்கி ராஜாவை வெல்வதையாவது ஒரு கதை சொல்லிப் புரிந்துகொள்ளலாம். ஒன்பதுக்கு முகமே கிடையாது. அந்தக் கேள்வி முப்பது வருடமாக என்னோடு இருந்தது. போன மழைக்காலத்தில்தான் உட்கார்ந்து தேடத் தொடங்கினேன்.

முதலில் சீட்டையே பார்த்தேன். இரண்டு பக்கமும் நான்கு நான்கு சின்னங்கள், நட்டநடுவில் ஒன்று. ஆட்டின், கிளாவர், இஸ்பேட் மூன்றிலும் அந்த நடுச்சின்னம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது: ஐந்து நிமிர்ந்திருக்கும், நான்கு தலைகீழாக இருக்கும். டைமனில் மட்டும் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். பத்துக்கும் இதே எட்டுதான், நடுவில் மட்டும் இரண்டு. மூலையில் எண் அச்சிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் பரவியது. அதற்கு முன்னால் கையில் விசிறியாகச் சீட்டைப் பிடித்தவர்கள் நடுவில் ஒன்றா இரண்டா என்று பார்த்தே 20க்கும் 10க்கும் வேறுபாடு கண்டிருக்க வேண்டும். இந்தச் சீட்டின் உடம்பில் அதன் உயர்வுக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே சீட்டை வைத்துவிட்டு ஆட்டத்தின் வழியைப் பிடித்தேன்.

கேரளத்தில் இருபத்தெட்டு ஆடுவார்கள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஏழு நான்கு இருபத்தெட்டு. அங்கேயும் ஒன்பது இரண்டாம் இடத்தில். இலங்கையிலும் 304 உண்டு. நாகை, கொச்சி, யாழ்ப்பாணம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனபோது எனக்கு வேறொரு வரைபடம் நினைவுக்கு வந்தது. டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும், 1663இல் கொச்சியையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். நாகப்பட்டினம் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது.

நாம் சொல்லும் ‘கிளாவர்’ ஆங்கிலம் இல்லை. ஆங்கிலேயருக்கு அது கிளப்ஸ். டச்சுக்காரர்களுக்குத்தான் க்ளாவர். சிங்களத்தில் இந்தத் தடம் இன்னும் தெளிவு. நான்கு வகைகளையும் ஹாரத, ருயித, கலாபர, இஸ்கோப்ப என்கிறார்கள். டச்சில் ஹார்த்தன், ரௌதன், க்ளாவரன், ஸ்ஹோப்பன். சட்டம், வரி, கோட்டை எல்லாம் போன பிறகும் மாலை நேரத்து விளையாட்டில் சொற்கள் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது மேற்கொண்டு படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

இருபத்தெட்டு, 304 இரண்டும் நெதர்லாந்தில் பிறந்த ‘யாஸ்’ குடும்பத்தின் வழிவந்தவை என்பது சீட்டாட்ட வரலாற்றாளர்களின் கருத்து. அந்தக் குடும்பத்து ஆட்டமான க்ளாவர்யாஸ் இன்றும் அங்கே ஆடப்படுகிறது. துருப்பில் ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, ராணிக்கு 3. பதினொன்றும் பத்தும் நம் கணக்கிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு பெரிய மாற்றம் மட்டும் உண்டு. அங்கே ஒன்பது துருப்பானால்தான் பெரிது, மற்ற வகைகளில் அதற்குப் பூஜ்யம். கடல் தாண்டி வந்த பிறகு நான்கு ஒன்பதுகளும் பெரியவை ஆகிவிட்டன.

பென்சிலோடு க்ளாவர்யாஸ் கட்டைக் கூட்டிப் பார்த்தேன். துருப்பில் 62. மற்ற மூன்று வகைகளிலும் ஜாக்கியின் 2ஐச் சேர்த்து முப்பது முப்பதாக 90. மொத்தம் 152. கடைசிப் பிடிக்குத் தரும் 10 தனி. 152ஐ இரட்டித்தால் 304. இது தற்செயலாகவும் இருக்கலாம், இதை வைத்து நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்த எண்ணை எழுதிய தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, டச்சுக்காரர்களுக்கு ஒன்பது ஏன் பெரிதாயிற்று? துருப்பு ஒன்பதை அவர்கள் ‘நெல்’ என்கிறார்கள். ஜெர்மன் பக்கத்தில் ‘மெனெல்’ என்றும் வழங்கும். பிரெஞ்சு ‘மனீய்’ என்ற சொல்லின் தேய்வு என்று கொள்கிறார்கள். மனீய் வந்தது ஸ்பானிய ‘மலீய்யா’விலிருந்து. மலா என்றால் கெட்டவள், மலீய்யா என்றால் கெட்ட குட்டி.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஆட்டிவைத்த ஸ்பானிய ஆட்டம் ஓம்ப்ரே. எட்டு, ஒன்பது, பத்து நீக்கிய 40 சீட்டுகள். கறுப்பு வகைகளில் இரண்டு கடைசி. சிவப்பு வகைகளில் எண்களின் வரிசை தலைகீழ், அதனால் ஏழு கடைசி. ஒரு வகை துருப்பாக அறிவிக்கப்பட்டதும் அதன் கடைசிச் சீட்டு மேலே ஏறி, இஸ்பேட் ஏஸுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்துவிடும். அதுதான் மலீய்யா. அதாவது, அந்தப் பெயர் ஓர் எண்ணுக்கு உரியதாக இல்லை, இரண்டாவது நாற்காலிக்கு உரியதாக இருந்தது. கறுப்பில் இரண்டு, சிவப்பில் ஏழு, டச்சுக்காரர்களிடம் ஒன்பது. பிரான்சில் மனீய் என்ற பெயரிலேயே ஓர் ஆட்டம் இருக்கிறது. அங்கே பத்துக்கு அந்தப் பெயர், அதற்கு முதலிடமே கிடைத்துவிட்டது. இரண்டோ ஏழோ ஒன்பதோ, அந்த நாற்காலிக்கு வரும் முன்னால் அது ஒன்றுமில்லாத சீட்டாகத்தான் இருந்திருக்கிறது. ஏஸை நிமிர்ந்து பார்க்கும் உரிமை ஒன்பதுக்கு இந்த வழியாக வந்தது என்றே நம்புகிறேன்.

பொங்கலுக்கு நாகப்பட்டினம் போயிருந்தேன். அத்தைக்கு இப்போது எண்பத்தொன்று. கண் சரியில்லை, மூலையில் பெரிய எண் அச்சிட்ட கட்டு வாங்கிப் போயிருந்தேன். ஸ்பெயின், பிரான்ஸ், ஹாலந்து என்று நான் சொல்லிக்கொண்டே போனதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஒன்பதை டச்சுக்காரர்கள் நெல் என்பார்கள் என்றபோது மட்டும் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“நெல்லா? நம்ம நெல்லா?”

“சொல் அதேதான் அத்தை. பொருள் வேற.”

ஆடத் தொடங்கினோம். துருப்பு கவிழ்ந்தே கிடந்தது. இரண்டு சுற்று போனது. மூன்றாவதில் நான் கிளாவர் ஏஸை இறக்கினேன். அத்தை சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, கிளாவர் ஒன்பதை அதன்மேல் வைத்தார்.

“இந்தா, நெல்லு” என்றார்.