வாடகை மறந்த வல்லரசு

‘ஈவ் ஆன்லைன்’ என்பது ஐஸ்லாந்து நிறுவனமொன்று 2003இல் வெளியிட்ட விண்வெளிப் போர் விளையாட்டு. பல நாட்டு ஆட்டக்காரர்கள் அதில் கூட்டணி அமைத்து, எல்லை வகுத்து, அரசாளுகின்றனர்.

2014 ஜனவரி 27 அன்று, பி-ஆர்5ஆர்பி என்னும் விண்மண்டலத்துக்குரிய கட்டணம் செலுத்தப்படாமற் போயிற்று. உரிமை நீங்கியது, பகைவர் புகுந்தனர். ஏறத்தாழ 21 மணி நேரப் போரில் 75 ‘டைட்டன்’ பெருங்கலங்கள் அழிந்தன. வல்லரசை வீழ்த்தியது வாளன்று, மறதி!

இதைப் படித்துச் சிரித்தவன் நான். எங்கள் சிறு குழுவின் நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பும் பொறுப்பு என்னுடையது. பருவத் தேர்வுக் கலக்கத்தில் மறந்தேன். எரிபொருள் தீர்ந்தது; நிலையம் வீழ்ந்தது. தோழர்களின் பல வார உழைப்பு பாழாயிற்று.

“ஒற்றன் வேலை” என்று சொல்லித் தப்பியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். 2009இல் ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ என்னும் பெருங்கூட்டணியை உள்ளிருந்த ஒருவரே கலைத்துவிட்டாரல்லவா? ஆனால் ஐயம் குற்றமற்ற தோழன் எவன்மீதோ விழுமே!

“தவறு என்னுடையது” என்று எழுதினேன். விரல்கள் நடுங்கின. நெடுநேரம் மறுமொழியில்லை. பின்னர் ஒரு வரி வந்தது: “நாளை மீண்டும் கட்டுவோம்.”

நண்பர்களே! நிலையம் போயிற்று, கூட்டணி நின்றது.